இரண்டாவது குரல்

என் முத்திரை ஒரு நத்தை.

சிரிக்காதீர்கள். நியூரம்பெர்க்கில் பூட்டுக் கொல்லனாகத் தேர்வு கொடுத்தபோது மற்றவர்களைவிட ஆறு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். சோதித்த மூன்று பேரில் ஒருவர், "பூட்டு பிரமாதம். ஆனா இவனுக்கு முத்திரையா நத்தையக் குடுத்துருங்கப்பா" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் தொழில் மண்டபத்தில் ஒரு செப்புத் தகடு உண்டு. ஆசான்கள் அத்தனை பேருடைய முத்திரையும் அதில் அடித்திருக்கும். தகட்டில் முத்திரை இருக்கிறவரைதான் ஒருவன் ஆசான். உளி வைத்து அதைச் செதுக்கிவிட்டால், அவன் உலையை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எந்த நகரத்திலும் அவன் பூட்டை வாங்க ஆள் இருக்காது. அந்த நத்தைக்காக நான் எட்டு வருடம் காத்திருந்தேன். அது கிடைத்து இரண்டு வருடம் முடிந்த சமயத்தில்தான் என் மச்சான் பார்தல் அந்தச் சேதியோடு வந்தான்.

பார்தல் என் அக்கா ஒட்டிலியின் கணவன். குறுக்குவில் செய்கிறவன். என் பட்டறைக்கும் அவன் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவர், ஒரு கதவு. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அவனுடைய வாயும் அப்படித்தான்.

"மாப்ளே, நத்த மாப்ளே! ஓட்ட விட்டு வெளிய வா. பெரிய இடத்து வேலை."

"யாரு?"

"ஆல்டன்ரீத் பிரபு வீட்டுச் சின்னவர். புர்க்கார்ட். மேல வில்லு, கீழ துப்பாக்கி. ரெண்டும் ஒரே கட்டையில."

"எதுக்கு மச்சான்? ஒண்ணு போதாதா?"

"காட்டுப்பன்னி பாஞ்சு வருது. அம்பு விட்டாச்சு. தப்பிருச்சு. அப்புறம் என்ன பண்ணுவே? மறுபடி முறுக்கிட்டு இருப்பியா, இல்ல பன்னிகிட்ட 'கொஞ்சம் பொறு சாமி'ன்னு கெஞ்சுவியா? மழையில வெடிமருந்து நனைஞ்சா வில்லு இருக்கு. வில்லு தப்பினா துப்பாக்கி இருக்கு."

அப்படிப்பட்ட ஆயுதங்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர்களின் விளையாட்டுச் சாமான். ஆனால் செய்கிறவனுக்கு அது பெரிய பெயர். துப்பாக்கியைப் பற்றவைக்கத் திரி வேண்டாம், சக்கரப் பூட்டு. சாவியால் சக்கரத்தை முறுக்கி வைத்தால், விசையை அழுத்தியதும் அது சுழன்று தீக்கல்லில் உரசும், பொறி பறக்கும், மருந்து பற்றும். மொத்த வேலையில் கடினமான பகுதி அதுதான். அது என் பகுதி.

மறுவாரம் புர்க்கார்டே நேரில் வந்தான். முப்பது வயது இருக்கும். மெலிந்த, அழகான ஆள். கையுறையைக் கழற்றாமலேயே என் பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்.

"சக்கரம் வெளிய தெரியக் கூடாது. பித்தளை மூடி போட்டு மூடிரு. தூசி படாது பாரு."

"மூடிரலாம் எஜமான். ஆனா முறுக்கியிருக்கா இல்லையான்னு வெளியிலேருந்து தெரியாதே?"

"எனக்குத் தெரியும். அது போதாதா?" என்று சிரித்தான். "விசை ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பக்கத்துல ஒரு ஆணி வை. முன்னால தள்ளினா வில்லு, பின்னால இழுத்தா துப்பாக்கி. சாவி ரெண்டு. அப்புறம் உன் முத்திரை."

"உள்பக்கம் சின்னதா அடிச்சிடறேன் எஜமான். வெளிய உங்க குலச் சின்னம்…"

"வேணாம். உன் முத்திரைதான் வெளிய. பெருசா. எல்லாருக்கும் தெரியற மாதிரி."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்தப் பிரபு கொல்லன் முத்திரையை வெளியே போடச் சொல்வான்? இரண்டு கையாலும் கும்பிடாத குறை.

வாசலைத் தாண்டும்போது அவன் திரும்பினான்.

"ஒரு சந்தேகம். முறுக்கி வெச்ச பூட்டு தானா வெடிக்குமா?"

"நல்ல பூட்டு வெடிக்காது எஜமான்."

"கெட்ட பூட்டு?"

"இடறினா வெடிக்கும். கீழ விழுந்தா வெடிக்கும். ஏன், லேசாத் தட்டினாலே வெடிக்கும்."

"அப்படியா!" என்றான், நல்ல சேதி கேட்டவன் மாதிரி.

*

ஏழு மாதம் உழைத்தோம். நத்தையை நான் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டினேன், கொம்பு முதல் வால் வரை.

முதல் சோதனையை என் அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை. கொல்லைப்புறத்தில் மண்மூட்டைக்கு முன்னால் ஆயுதத்தை வைத்துவிட்டு நான் கேட்டேன்: "முறுக்கியாச்சா?"

"முறுக்கியாச்சு!" என்றான் பார்தல்.

நான் கேட்டது பூட்டை. அவன் சொன்னது வில்லை. வில்காரனும் தன் பற்சக்கரக் கைப்பிடியைச் சுற்றி நாணை இழுப்பதை முறுக்குவது என்றுதான் சொல்கிறான்; பூட்டுக்காரனும் தன் சாவியைத் திருப்புவதை முறுக்குவது என்றுதான் சொல்கிறான். நூறு வருடமாக இரண்டு தொழிலும் தனித்தனியாக இருந்ததால் ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் துப்பாக்கி வெடிக்கும் என்று காதைப் பொத்தினேன். பார்தல் விசையை அழுத்தினான். சத்தமே இல்லாமல் ஓர் அம்பு மண்மூட்டைக்கு மேலே பறந்து, அக்கா குளிர்காலத்துக்கு ஊறப்போட்டிருந்த முட்டைக்கோஸ் பீப்பாயில் போய்ச் சொருகியது.

"ரெண்டு தடிமாடுங்க!" என்று அக்கா வெளியே வந்தாள். "கோஸ வேட்டையாடறதுக்கா ஏழு மாசம் பாடுபட்டீங்க?"

அன்றே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். வேட்டையில் வில்லை முறுக்கியவன் "முறுக்கியாச்சு!" என்று உரக்கச் சொல்ல வேண்டும், முன்னால் நிற்கிறவர்கள் ஒதுங்க வேண்டும். இது ஊரறிந்த முறை. எங்கள் ஆயுதத்துக்கு இரண்டு வாய். ஆகவே முதல் குரல் வில்லுக்கு. பூட்டையும் முறுக்கினால் இரண்டாவது குரல். ஒரு குரல் கேட்டால் ஒரு வாய் விழித்திருக்கிறது. இரண்டு குரல் கேட்டால் இரண்டு வாயும்; தவறி வெடித்தால் குண்டு எந்தப் பக்கமும் பாயும், அதனால் அப்போது ஒதுங்கினால் போதாது, எல்லோரும் ஆயுதத்துக்குப் பின்னால் வந்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் அப்போது கண்டுபிடித்தேன். அந்தப் பித்தளை மூடி, பூட்டு முறுக்காமல் இருக்கும்போது விரலால் தட்டினால் லேசாகக் கிலுங்கும். முறுக்கியிருந்தால் உள்ளே சங்கிலி இழுத்துப் பிடிப்பதால் கிலுங்காது. உண்மையில் அது என் வேலையில் ஒரு சின்னக் குறை. யாரிடமும் சொல்லவில்லை. பார்தலிடம்கூட.

அக்கா மட்டும் ஆயுதத்தைத் துணியில் சுற்றும்போது நத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, அவன் பேரப் போடாம உன் பேர எதுக்குடா போடச் சொன்னான்?"

"வேலை பிடிச்சுப் போச்சு அக்கா."

"செய்யறதுக்கு முன்னாலயேவா?"

நான் துணியை வாங்கி முடிச்சுப் போட்டேன்.

*

நவம்பரில் ஆல்டன்ரீத் காட்டில் முதல் வேட்டை. செய்தவர்களும் கூட வரவேண்டும் என்று புர்க்கார்டின் உத்தரவு. வில்லை முறுக்கப் பார்தல், பூட்டைப் பார்த்துக்கொள்ள நான். முந்தின நாளே ஆயுதத்தையும் இரண்டு சாவிகளையும் புர்க்கார்டிடம் ஒப்படைத்து, இரண்டு குரல் வழக்கத்தையும் எல்லோர் முன்னாலும் விளக்கினோம். ஒரு சாவியை அவன் என்னிடமே திருப்பித் தந்தான்.

அங்கேதான் புர்க்கார்டின் அண்ணன் லூடோல்ஃபைப் பார்த்தேன். பண்ணை, காடு, கோட்டை எல்லாம் அவர் பெயரில். குண்டான, சிவந்த முகம். விடிந்ததும் விடியாததுமாகச் பியரில் காய்ச்சிய சூடான சூப்பைக் குடித்துக்கொண்டு, வேலைக்காரர்களை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இதான் கோஸக் கொன்ன வில்லா? கேள்விப்பட்டேன்! பன்னி வரலேன்னா எங்க தோட்டத்துக்கு வாங்க, முள்ளங்கி நெறைய இருக்கு!"

கூடியிருந்த இருபது பேரும் சிரித்தார்கள். புர்க்கார்டும் சிரித்தான்.

காட்டில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. புர்க்கார்ட் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ஈரம் ஜாஸ்தியா இருக்கு. இன்னைக்குத் துப்பாக்கி வேணாம். வில்லு மட்டும் முறுக்கு. பூட்டைத் தொடாதே."

பார்தல் கைப்பிடியைச் சுற்றினான். நாண் ஏறியது. "முறுக்கியாச்சு!"

லூடோல்ஃப் பத்தடி முன்னால், ஒரு கருவாலி மரத்தடியில் ஈட்டியோடு நின்றிருந்தார். குரல் கேட்டதும் வழக்கப்படி இரண்டடி ஒதுங்கினார். வில்லுக்கு அது போதும். அம்பு போகிற கோடு ஒன்றுதான்.

பார்தல் ஆயுதத்தை என்னிடம் தந்தான். ஈரத்தைத் துடைத்து நான் புர்க்கார்டிடம் கொடுக்க வேண்டும். துடைத்தேன். பழக்கதோஷம், விரலால் மூடியைத் தட்டினேன்.

கிலுங்கவில்லை.

மறுபடி தட்டினேன். கல் மாதிரி இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். மருந்து வாசனை. பக்கத்து ஆணி பின்னால் இழுத்திருந்தது.

மூடி போட்ட சக்கரம். இரண்டு சாவி. தூரத்திலிருந்தே தெரிகிற நத்தை. "கெட்ட பூட்டு?" என்று கேட்டுவிட்டு அவன் சொன்ன அந்த "அப்படியா!". "பூட்டைத் தொடாதே" என்று சொன்னதை இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். இனி இது வெடித்தால் யார் தப்பு? நத்தையின் தப்பு.

"என்னடா துடைச்சுக்கிட்டே இருக்கே? கொண்டா" என்று புர்க்கார்ட் கையை நீட்டினான்.

ஒரு பிரபுவைக் கொலைகாரன் என்று சொல்ல ஒரு கொல்லனுக்கு வாய் கிடையாது. ஆனால் வழக்கப்படி ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. காடே அதிரும்படி கத்தினேன்.

"முறுக்கியாச்சு!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். லூடோல்ஃப் மெதுவாகத் திரும்பினார்.

"யாருடா முறுக்கினது?" புர்க்கார்டின் குரல் கீச்சிட்டது.

"தெரியலைங்க எஜமான். ஆனா முறுக்கியிருக்கு."

லூடோல்ஃப் திரும்பி நடந்து வந்தார். என் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கினார். சற்றுமுன் தான் நின்றிருந்த கருவாலி மரத்தைக் குறிவைத்து விசையை அழுத்தினார்.

புகை கலைந்தபோது மரத்தில் ஒரு துளை இருந்தது. அவருடைய மார்பு உயரத்தில்.

அவர் நெடுநேரம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"தம்பி, உனக்கு ஞாபக மறதி அதிகமாயிட்டு வருது."

"வேலைக்காரன் எவனாவது விளையாடியிருப்பான் அண்ணா."

"இருக்கும், இருக்கும். அந்த ரெண்டாவது சாவியக் கொடு."

புர்க்கார்ட் அங்கிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான். லூடோல்ஃப் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆயுதத்தைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். நத்தையைப் பெருவிரலால் தடவினார். "இது உன்னுதா?"

"ஆமாங்க எஜமான்."

"நல்லாத் தெரியுது," என்றார். "ரொம்ப நல்லாத் தெரியுது."

குளிர்காலம் முழுக்கத் தன்னோடு இருந்து வில்லைப் பார்த்துக்கொள்ளும்படி பார்தலை அங்கேயே நிறுத்திக்கொண்டார். எனக்கு ஒரு முழுப் பன்றித் தொடை கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நான் பெருமையாகச் சொன்னதை எல்லாம் அக்கா கேட்டுக்கொண்டாள். பன்றித் தொடையைத் தொடவில்லை.

"தம்பிகாரன் போட்ட திட்டத்த அண்ணன்காரனுக்குப் படிச்சுக் காட்டிட்டு வந்திருக்கே. வேற என்ன பண்ணிட்டே?"

"ஒரு உசிரக் காப்பாத்தியிருக்கேன் அக்கா!"

"ஒரு உசிரத்தான்டா."

*

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆல்டன்ரீத்திலிருந்து லூடோல்ஃபின் எழுத்தர் வந்தார். அடக்கமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புர்க்கார்ட் இறந்துவிட்டான். மான் வேட்டை. வில்லுக்கு மட்டும் உத்தரவு. பார்தல் ஒரே ஒரு குரல் கொடுத்தான். புர்க்கார்ட் இரண்டடி ஒதுங்கி நின்றான். அண்ணன் பனியில் கால் இடறினார். பூட்டு தானாக வெடித்துவிட்டது.

"என் பூட்டு தானா வெடிக்காதுங்க," என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?" என்றார் எழுத்தர் வருத்தத்தோடு. "யாரும் முறுக்காமலே அது முறுக்கியிருந்ததை நவம்பர்ல இருபது பேர் பாத்தாங்களே. நீங்கதானே கத்தினீங்க? 'யாருன்னு தெரியல, ஆனா முறுக்கியிருக்கு'ன்னு."

எழுத்தர் தொடர்ந்தார்.

"சரி, பூட்டு நல்ல பூட்டுன்னே வெச்சுக்குவோம். அப்போ எவனோ ஒருத்தன் முறுக்கியிருக்கான். எஜமான் முறுக்கலேன்னு அவரே சொல்றார். வேற யார் கையில இருந்துது? உங்க மச்சான் கையில. அவர் இப்போ எங்க கோட்டை நிலவறையிலதான் இருக்கார். நல்லாப் பாத்துக்கறோம்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டு பிசகுன்னா அது விபத்து. விபத்துக்கு யாரையும் தூக்குல போடறதில்ல. நாளைக்குக் காலையில உங்க தொழில் மண்டபத்துல கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் போனபிறகு அக்கா அழவில்லை. கெஞ்சவும் இல்லை. நடுச்சுவரில் இருந்த கதவை, முதல் தடவையாக, மெதுவாகச் சாத்தினாள். அவ்வளவுதான்.

மறுநாள் மண்டபத்தில் ஆயுதம் மேசைமேல் கிடந்தது. நத்தை மேல்பக்கமாக. எனக்கு நத்தை கொடுக்கச் சொன்ன அதே பெரியவர்தான் கேட்டார். நல்ல மனிதர். என் வேலையை அறிந்தவர்.

"வெண்டல், நானும் சோதிச்சுப் பாத்தேன். முறுக்கி வெச்சு மரச்சுத்தியால முப்பது தடவ தட்டினேன். வெடிக்கல. உன்னக் கடைசியா ஒரு தடவ கேக்கறேன். இது நல்ல பூட்டா, கெட்ட பூட்டா?"

என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த பூட்டு அது.

"கெட்ட பூட்டுங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த எழுத்தரைப் பார்த்தார். பிறகு உளியைக் கொண்டுவரச் சொன்னார். செம்பு மெத்தென்ற உலோகம். நாலே அடியில் நத்தை போய்விட்டது.

பார்தல் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். அடித்த காயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வாய் திறக்கவில்லை. வாரங்கள் கழித்து ஒருநாள் தானாகச் சொன்னான்.

"எனக்கு எப்படி மாப்ளே தெரியும்? மூடி போட்டு மூடியிருந்துச்சே. வெளியிலேருந்து எதுவும் தெரியலையே."

மூடியை விரலால் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ரகசியத்தை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இப்போது நகரத்துக்கு வெளியே, குடியானவர்களின் தொழுவக் கதவுக்குக் கீல் அடித்துக்கொண்டிருக்கிறேன். கீலுக்கு முத்திரை தேவையில்லை. ஆல்டன்ரீத் பக்கமிருந்து வருகிற மாட்டு வியாபாரிகள் அவ்வப்போது சேதி சொல்வார்கள். லூடோல்ஃப் மேலும் பருத்துவிட்டாராம், சிரிப்பு மட்டும் மாறவில்லையாம். அந்தக் கெட்ட பூட்டை அவர் தூக்கி எறியவில்லை. கழற்றவும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது பிசகியதில்லை என்று விருந்தாளிகளிடம் பெருமையாகக் காட்டுகிறாராம்.

எல்லைத் தகராறு உள்ள பக்கத்துப் பிரபுவை இந்த நவம்பரில் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். வழக்கம் மாறவில்லை. வில்காரன் முறுக்குவான், உரக்கச் சொல்வான், முன்னால் நிற்கிறவர் இரண்டடி ஒதுங்குவார்.

அந்தக் காட்டில் இப்போதெல்லாம் ஒரு குரல்தான் கேட்கிறதாம்.